சிட்டுவின் வயிறு பற்றிச் சம்பந்திக்கு எழுதியது

அக்கரப்பத்தனை,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பூண்டுலோயாவில் இருக்கும் என் மரியாதைக்குரிய சம்பந்தி அழகுமுத்து அவர்களுக்குக் கணேசமூர்த்தி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது.

முருகன் புண்ணியத்தில் இங்கே மனிதர்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் மகளும் என் மருமகளுமான நிலக்ஷி சுகம். அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் கிளினிக்கில் பார்த்தவரை சுகம். கொழும்பில் வேலை செய்யும் என் மகன் நிரஞ்சன் போனில் பேசும்போதெல்லாம் சுகம். என் வீட்டுக்காரி லெட்சுமி முழங்காலைத் தவிர மற்றபடி சுகம். அங்கே நீங்களும் சம்பந்தி அம்மாவும் அதேபோல இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய சிட்டு மாடும் இப்போது சுகம்தான். அந்த 'இப்போது' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் ஆரம்பித்தால் நீங்கள் "சரிங்க சம்பந்தி" என்பீர்கள். நான் விஷயத்துக்கே வந்திருக்க மாட்டேன், அதற்குள் இன்னொரு "சரிங்க சம்பந்தி" வந்துவிடும், பிறகு போன் சம்பந்தி அம்மாவின் கைக்குப் போகும், இங்கே என் கையிலிருந்து லெட்சுமி பிடுங்கிக்கொள்வாள், அவர்கள் இருவரும் யாருக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள் என்று பேசி முடிப்பதற்குள் சிக்னல் போய்விடும். இது முதலிலிருந்து வரிசையாகச் சொல்லவேண்டிய விஷயம். நிலக்ஷி உங்களிடம் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமனாரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பாதியை மறைத்திருப்பாள். அப்படி மறைத்தால் குறை அவள் மேல்தான் வந்து விழும். அந்தப் பாதியை நானே எழுதிவிடுகிறேன்.

நிலக்ஷி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த மாதமே, பிள்ளைத்தாய்ச்சி பால்மா கரைத்துக் குடிக்கக் கூடாது என்று சொல்லிச் சிட்டுவை லொறியில் ஏற்றிக்கொண்டு நீங்களே வந்தீர்கள். லொறியின் பின்பக்கத்தில் மாட்டோடு நின்றபடியே வந்து இறங்கியதைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். மாட்டைப் பட்டியில் கட்டினீர்கள். அதன் இடதுபக்க வயிற்றில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா நின்றீர்கள். பிறகு, "புல்லு போடுங்க, தண்ணி வைங்க, அச போடுதான்னு பாருங்க" என்றீர்கள். அவ்வளவுதான். இவ்வளவு பெரிய உயிரை ஒப்படைக்கிறவர் இன்னும் நாலு வார்த்தை சொல்லுவார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் லொறி திரும்பிவிட்டது.

நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அந்த நாலு வார்த்தை இல்லாமல் போனதுதான் என்று கொஞ்ச நாள் சொல்லித் திரிந்தேன். இப்போது சொல்வதில்லை. என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தோட்டத்தில் தேயிலைத் தூள் செய்கிற ஸ்டோரில் இளைஞனாக நுழைந்து நரைத்த தலையோடு வெளியே வந்தவன். கொழுந்து எவ்வளவு நேரம் வாட வேண்டும், எவ்வளவு நேரம் உருள வேண்டும், எந்தச் சூட்டில் புளிக்க வேண்டும், எப்போது அடுப்புக்குப் போக வேண்டும் என்று அளந்து அளந்தே வாழ்ந்தவன். அப்படிப்பட்ட ஒருவனிடம் "புல்லு போடுங்க" என்று சொன்னால் அது அவன் காதில் வேலையாக விழாது. எந்தப் புல், எவ்வளவு, அதன் பிறகு என்ன என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழுந்தால் பார்ப்பதற்கு இயந்திரம் எதுவும் இல்லாமல் இருந்தவனுக்கு, சம்பந்தி, நீங்கள் நாலு காலுள்ள இயந்திரம் ஒன்றை அனுப்பிவிட்டீர்கள் என்று நான் நினைத்தேன்.

போனில் மாடு வளர்ப்பு வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒருவர் புண்ணாக்கு என்றார், ஒருவர் சோளம் என்றார், இன்னொருவர் மாட்டின் முன்னால் நின்றுகொண்டு மாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தன் நம்பரை மட்டும் சொன்னார். டவுனில் மாட்டுத்தீன் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பொடிப் பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார். அதன் மேலே அச்சடித்திருந்த மாட்டின் மடி ஏறக்குறையத் தரையைத் தொட்டது. "ஒரு கரண்டி போடுங்கய்யா, பாலு தன்னால ஏறும்" என்றார். வாங்கிவந்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. பொடியும் புண்ணாக்கும் தவிடும் சேர்ந்ததும் பால் ஏறியது. செம்பு நிறைந்தது, நுரை விளிம்புக்கு மேலே நின்றது, லெட்சுமி பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினாள். வழியில் சந்திக்கிறவர்கள் "என்னய்யா போடுறீங்க மாட்டுக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஓய்வு பெற்ற மனிதனிடம் யாராவது வழிமறித்து ஏதாவது கேட்டால் அவனுக்கு என்ன ஆகும் என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது. நீங்கள் இன்னும் வேலையில் இருக்கிறீர்கள்.

ஒரு கரண்டி ஒன்றரை ஆனது. புண்ணாக்கு ஏறியது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஸ்டோரில் நாம் காம்பையும் நாரையும் என்ன செய்வோம்? சலித்து வெளியே தள்ளுவோம். அது கழிவு, தேயிலையின் தரத்தைக் கெடுப்பது. அப்படியானால் மாடு மட்டும் ஏன் நாளெல்லாம் இந்த நார்ப்புல்லைக் கிடந்து மெல்ல வேண்டும்? பாவம், அதன் நேரம் வீணாகிறதே. சத்தை நேரே கொடுத்துவிட்டால் வயிற்றுக்கும் பாரமில்லை, புல் அறுக்கிற எனக்கும் முதுகுவலி இல்லை. இப்படி நினைத்துப் புல்லைக் கட்டாகப் போட்ட இடத்தில் கைப்பிடியாகப் போட ஆரம்பித்தேன்.

நிலக்ஷி பட்டிக்கு வந்து பார்த்தாள். "மாமா, புல்லு கொறஞ்சிக்கிட்டே போகுதே. எங்கப்பா மொதல்ல புல்லத்தான் போடுவாரு" என்றாள்.

"அப்பா காலம் வேற புள்ள. இது சத்து" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் மாட்டின் இடதுபக்க வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். உங்கள் மகள் என்பது அப்போது நன்றாகத் தெரிந்தது.

நீங்கள் போனில் கூப்பிடும்போதெல்லாம் பாலைப் பற்றிக் கேட்கவே மாட்டீர்கள். "அச போடுதா?" என்று மட்டும் கேட்பீர்கள். அங்கே மழையா என்று கேட்பது மாதிரி, பேச்சைத் தொடங்குவதற்காக ஒன்றைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு, "போடுது போடுது" என்பேன். உண்மையில் சிட்டு படுத்திருக்கும்போது அதன் வாய் சும்மாதான் இருந்தது. அதை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கவனித்து, நல்ல அறிகுறி என்று முடிவு செய்தேன். கொடுத்த வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, அதனால் மாடு ஓய்வாக இருக்கிறது என்று லெட்சுமிக்கும் விளக்கினேன்.

பிறகு எங்கள் அம்மன் கோயில் திருவிழா வந்தது. அன்னதானத்துக்கு நான்தான் பொறுப்பு. அன்றைக்குக் காலையிலிருந்தே விடாத மழை. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிற கூட்டம் வரவில்லை. பந்தி முடிந்து பார்த்தால் அண்டாவில் சோறு மலை மாதிரி இருக்கிறது. அதைக் குழியில் கொட்டச் சொன்னார்கள். அம்மனுக்குப் படைத்த சோற்றைக் குழியில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. வாளிகளில் நிரப்பி வீட்டுக்குக் கொண்டுவந்து சிட்டுவின் முன்னால் வைத்தேன். அது தலையைத் தூக்காமல் தின்றது. தின்னத் தின்னக் கொட்டினேன். கடைசிப் பந்தியில் ஒரு வாயில்லா ஜீவன் சாப்பிட்டது என்று சொல்லிச் சொல்லி எனக்குள் பெரிய நிறைவு. நிலக்ஷி அன்றைக்குக் கோயில் வேலையில் களைத்துப் படுத்திருந்தாள். அவள் முழித்திருந்தால் இது நடந்திருக்காது. இதை அடிக்கோடிட்டு வாசிக்கவும்.

மறுநாள் காலையில் சிட்டு எழும்பவில்லை.

காது குளிர்ந்துபோய் இருந்தது. கண் உள்ளே போயிருந்தது. தண்ணீர் மாதிரிக் கழிந்திருந்தது. பட்டியில் நுழைந்ததுமே ஒரு புளித்த வாடை. அந்த வாடை எனக்குத் தெரியும். ஸ்டோரில் இயந்திரம் நின்றுபோன நாளில், அரைத்த கொழுந்து கவனிக்க ஆளில்லாமல் அளவுக்கு மேல் கிடந்து கெட்டுப்போனால் வருகிற வாடைக்குப் பக்கத்து வாடை. வாழ்நாள் முழுக்க அந்த வாடை வரக்கூடாது என்பதற்காகச் சம்பளம் வாங்கியவன், அதை என் வீட்டு மாட்டின் வயிற்றுக்குள்ளேயே உண்டாக்கிவிட்டேன் என்று அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய? அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். அது என்னைத் தள்ளவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

நிலக்ஷிதான் மாட்டு டொக்டருக்குப் போன் பண்ணினாள். டொக்டர் கிருஷாந்தி என்று ஒரு பிள்ளை, கினிகத்தேனைப் பக்கம் வீடு, மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கியது. சிட்டுவின் இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்தது. குழாயை வைத்துக் கேட்டது. முகம் மாறிப்போனது.

"உள்ளுக்கு ஒரு அசைவும் இல்லீங்களே. நேத்து என்னய்யா சாப்பிட்டுச்சு?"

நான் பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டி, அதில் எழுதியிருந்த தாது உப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

"சோறு, டொக்டர். வாளி வாளியா" என்றாள் நிலக்ஷி.

அந்தப் பிள்ளை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசி போட்டது, சேலைன் ஏற்றியது, லெட்சுமியிடம் அப்பச்சோடாவை வாங்கித் தண்ணீரில் கரைத்து, போத்தலால் மெதுவாகச் சிட்டுவின் வாயில் ஊற்றியது. ஊற்றிக்கொண்டே சொல்லியது.

"நீங்க மாட்டுக்குச் சாப்பாடு போடுறதா நெனைக்கிறீங்கய்யா. மாட்டோட பெரிய வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் குடியிருக்கு. நீங்க போடுறது அதுகளுக்கு. அதுக புல்லத் தின்னு, அதுல இருந்து மாட்டுக்குக் குடுக்கும். அதுகளும் கடைசியில மாட்டுக்குத்தான் சத்து. மாடு தனியா புல்லத் தின்னு ஒண்ணும் பண்ண ஏலாது."

"அப்ப சோறு?"

"சோறு வெரசா புளிக்கும். புல்லத் தின்னுற கூட்டம் மெதுவா வேல செய்யிறது. சோத்துல பெருகுறது வேற கூட்டம். அது ஒரேயடியாப் பெருகி, வயிறெல்லாம் அமிலமாக்கி, மத்ததயெல்லாம் சாக வச்சிருச்சி."

"இந்தப் பொடி?" என்று பாக்கெட்டை மறுபடி நீட்டினேன்.

"பொடியில தப்பில்லீங்க. அது ஊறுகா மாதிரி. புல்லுதான் சோறு. நீங்க சோத்த எடுத்துட்டு ஊறுகாய மட்டும் எலையில வச்சிருக்கீங்க." பிறகு இன்னொன்றும் சொல்லியது. நார் இருந்தால்தான் மாடு மெல்லுமாம், மெல்ல மெல்லத்தான் எச்சில் ஊறுமாம், அந்த எச்சில்தான் வயிற்றின் புளிப்பை அடக்குமாம். "இப்ப நான் ஊத்துன அப்பச்சோடாவ மாடு தன் வாயிலயே நாளெல்லாம் செஞ்சிக்கிட்டிருக்கும்" என்றது. கழிவு என்று நான் ஒதுக்கிய காம்பும் நாரும்தான் அந்த வயிற்றைக் காத்துக்கொண்டிருந்தன.

அடுத்த நாளும் சிட்டு எழும்பவில்லை. புளிப்பு குறைந்திருந்தது, ஆனால் வயிறு அசையவில்லை. டொக்டர் மறுபடி வந்து பார்த்துவிட்டுச் சொல்லியது: உள்ளே வேலை செய்ய ஆள் இல்லை, வெளியிலிருந்துதான் கொண்டுவந்து விட வேண்டும், நல்ல சுகமாக இருக்கிற மாடு அசை போடும்போது அதன் வாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து இதற்கு ஊற்ற வேண்டும். "காத்துப் படக்கூடாது, குளிரக்கூடாது, ரெண்டுல எது பட்டாலும் செத்துரும். பக்கத்துல யாருக்கிட்ட மாடு இருக்கு?"

லெட்சுமி என்னைப் பார்த்தாள். நிலக்ஷி தரையைப் பார்த்தாள். பக்கத்தில் மாடு இருப்பது இசபெல்லிடம் மட்டும்தான். இசபெல் எங்கள் காணிக்குக் கீழே வரிசையாக இருக்கிற லயத்து வீடுகளில் குடியிருப்பவள், புருஷன் இல்லாதவள். போன வருடம் அவளுடைய மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, நான் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த கோவாப் பாத்தியை, உருண்டு நின்ற முட்டைக்கோசையெல்லாம், ஒரு காலையில் வேரோடு காலி பண்ணியது. நான் முள்கம்பி அடித்தேன். அன்றிலிருந்து அவள் மலைத்தண்ணீர் விழும் பீலிக்குக் குடத்தோடு என் காணியைச் சுற்றிக்கொண்டு போகிறாள். நாங்கள் பேசுவதில்லை. கோவாவும் போச்சு, பேச்சும் போச்சு.

குளிரக்கூடாது என்பதால் லெட்சுமி தன் பிளாஸ்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். நிரஞ்சன் கொழும்பிலிருந்து வாங்கிக்கொடுத்தது, நிலக்ஷியின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கென்று இன்னும் பெட்டிகூடப் பிரிக்காமல் வைத்திருந்தது. "இது எதுக்கு வச்சிருக்கிறதுன்னு எனக்குத் தெரியும். பரவால்ல, போங்க" என்றாள். அதில் வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி மார்போடு அணைத்துக்கொண்டு, நானே அடித்த முள்கம்பியைச் சுற்றிக்கொண்டு, இறங்கிப் போனேன்.

இசபெல் புல் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க மாடு அங்கிட்டு வரலீங்களே" என்றாள்.

"இல்ல தங்கச்சி. உங்க மாட்டுக்கிட்ட ஒரு உதவி கேட்டு வந்தேன்."

"மாட்டுக்கிட்டயா?"

"அது மெல்லுறதுல கொஞ்சம் வேணும்."

அவள் என் முகத்தையும் பிளாஸ்கையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாலு கேட்டு வந்திருக்காங்க, சாணி கேட்டு வந்திருக்காங்க. வாயில கெடக்கிறதக் கேட்டு இன்னைக்குத்தான் ஒருத்தர் வாறாரு" என்றாள். பிறகு, "உங்க மாடு படுத்துருச்சின்னு நேத்தே சொன்னாங்க. உள்ள வாங்க" என்றாள்.

அவளுடைய மாடு என்னைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டது. புது ஆள் நின்றால் அது மெல்லாது, சத்தம் போடாமல் உட்காருங்கள் என்று ஒரு சாக்கைப் போட்டாள். உட்கார்ந்தேன். எதிரே அவள் உட்கார்ந்தாள். தகரத்தில் மழை. மாடு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அவசரமே இல்லை. என் மாட்டின் உயிர் இந்த மாட்டின் மனசில் இருக்கிறது என்பதை நினைத்தபோது, வாழ்நாளில் எந்தத் தோட்டத் துரைக்கு முன்னாலும் இப்படி அடக்கமாக உட்கார்ந்ததில்லை என்று தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து இசபெல் மாட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னைக்கு கேத்ரின ஏர்போர்ட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேங்கய்யா. குவைத்துக்கு. மாட்டப் பாத்துக்கச் சொல்லி ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். அவரு வரல. இது பசியோட கெடந்திருக்கு."

கேத்ரின் அவளுடைய ஒரே மகள். அந்தப் பிள்ளை வெளிநாடு போனது எனக்குத் தெரியும். அது போன நாளும் என் கோவா போன நாளும் ஒரே நாள் என்பது தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முள்கம்பி வாங்க டவுனுக்குப் போன அவசரத்தில் கேட்க நேரம் இருந்திருக்காது.

"புள்ள நல்லா இருக்கா?" என்றேன்.

"இருக்கேன்னு சொல்றா. நான் பாத்தேனா?" என்றாள்.

அப்போது மாட்டின் தொண்டையில் ஒரு உருண்டை கீழேயிருந்து மேலே ஏறியது. தாடை ஒரு பக்கமாக நகர்ந்தது, மறு பக்கம் போனது. மெல்ல ஆரம்பித்துவிட்டது. இசபெல் பேசிக்கொண்டே எழுந்து, அதன் கன்னத்தைத் தடவிக்கொடுத்து, வாயின் ஓரத்தால் கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். பச்சையாக, ஆவி பறக்க, கையில் உயிர் மாதிரி இருந்தது. பிளாஸ்கில் இருந்த வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு மூடினேன். மாடு எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அடுத்த உருண்டையைக் கொண்டுவந்தது. அதிலும் எடுத்தாள். போதும் என்று டொக்டர் சொன்ன அளவு வரும்வரை அது கொடுத்துக்கொண்டே இருந்தது. பிறகு அவளும் என்னோடு மேலே வந்து, சிட்டுவின் தலையைப் பிடித்துக்கொண்டாள். டொக்டர் ஊற்றியது.

மறுநாள் விடிந்து பனிமூட்டம் கலையாத நேரத்தில் நிலக்ஷி பட்டியிலிருந்து கூப்பிட்டாள். "மாமா, வாங்க. மெதுவா வாங்க." போனேன். சிட்டு படுத்தபடிதான் இருந்தது. நிலக்ஷி என் கையைப் பிடித்து அதன் இடதுபக்கப் பள்ளத்தில் வைத்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தூரத்தில் எங்கோ ஒரு பெரிய சக்கரம் சுற்ற ஆரம்பித்தது மாதிரி, உள்ளே ஒன்று மெதுவாகப் புரண்டு என் கையைத் தள்ளியது. நிலக்ஷி தன் மற்றக் கையைத் தன் வயிற்றில் வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் சிட்டுவின் தொண்டையில் ஒரு உருண்டை ஏறியது. தாடை அசைந்தது. பிறகு பின்னங்காலை ஊன்றி, ஒருமுறை வழுக்கி, எழுந்து நின்றது.

சம்பந்தி, அன்றைக்குப் பகல் முழுக்க நான் அந்தப் பட்டியிலேயே உட்கார்ந்து அது மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளெல்லாம் தேயிலை செய்கிறேன், தேயிலை செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மலையில் கொழுந்து எடுத்தவர்களில் பாதிப்பேரின் முகம் எனக்குத் தெரியாது. கொழுந்து எப்போதும் வந்தது, அதனால் அது வரும் என்று இருந்தேன். இந்த மாட்டுக்கும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன். நான் கொடுக்கிறேன், அது பால் தருகிறது, நடுவில் யாரும் இல்லை என்று. நடுவில்தான் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்கள் மெதுவாக வேலை செய்கிறவர்கள், அவர்களுக்கு வேண்டியது புல், அவர்களை அவசரப்படுத்தினால் செத்துப்போவார்கள். இது எனக்கு இந்த வயதில் விளங்குகிறது. நீங்கள் லொறியில் வந்து கையை வைத்துப் பார்த்தது அவர்களைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். முள்கம்பியில் ஒரு ஆள் குடத்தோடு போகிற அளவுக்கு வழி விட்டிருக்கிறேன். அதை விட்டதற்காக யாரும் என்னைப் பாராட்டவில்லை, இசபெல் உட்பட.

ஆகவே நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நான் மாடு வளர்க்கத் தகுந்தவன் இல்லை. என் கை சும்மா இருக்காது. இன்றைக்குப் பயத்தில் புல் போடுகிறேன், நாளைக்கு வேறு ஒரு யோசனை வரும். என்னை எனக்குத் தெரியும். அந்த நல்ல உயிர் யோசனை இல்லாத ஒரு வீட்டில் இருக்கட்டும். தயவுசெய்து அடுத்த வாரமே லொறியோடு வந்து சிட்டுவைப் பூண்டுலோயாவுக்குத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகும்படி மிகவும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். நிலக்ஷிக்கு வேண்டிய பாலை இசபெல்லிடம் வாங்கிக்கொள்வோம். இதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம்தான்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம். அம்மன் உங்கள் வீட்டையும் உங்கள் பட்டியையும் பசி பிணி அண்டாமல் காக்கட்டும். பிறக்கப்போகும் பேரப்பிள்ளை உங்களைப் போலக் குறைவாகப் பேசி, எங்களைப் போல மற்றதெல்லாம் நன்றாகச் செய்யட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள சம்பந்தி
கணேசமூர்த்தி

பி.கு.: இதை உறையில் போடுமுன் லெட்சுமி வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதலிலிருந்து வாசித்தாள். உங்களை லொறியோடு வரச்சொன்ன இடத்தில் கண்ணாடியைக் கழற்றினாள். "எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயமா? என்னைய எப்ப கேட்டீங்க?" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். "தாராளமா அனுப்புங்க. பின்னால நானும் ஏறிப் போறேன். இந்த வீட்டுல நான் சொல்றத குறுக்க பேசாமக் கேக்குறது அது ஒண்ணுதான்" என்றாள். அது அப்படியில்லை லெட்சுமி என்று ஆரம்பித்தேன். நிலக்ஷி சிரித்துவிட்டாள். பிறகுதான் விசாரித்ததில், நான் டவுனுக்குப் போகிற நேரமெல்லாம் இவள் பட்டியில் உட்கார்ந்து சிட்டுவிடம் வீட்டு விஷயம் எல்லாவற்றையும் சொல்லிவந்திருக்கிறாள் என்றும், அது மெல்ல மெல்லத் தலையாட்டிக் கேட்டிருக்கிறது என்றும், நிரஞ்சன் சின்ன வயதில் பண்ணியதுகூட அதற்குத் தெரியும் என்றும் தெரியவந்தது. இவ்வளவு தெரிந்த மாட்டை வெளியூருக்கு அனுப்புவது புத்தியில்லை. லொறி அனுப்ப வேண்டாம். இவ்வளவையும் மறுபடி எழுத என்னால் முடியாது. ஆகையால் மேலே சிட்டு எழுந்து நின்ற இடம்வரை வாசித்துவிட்டு, மீதியை விட்டுவிடவும்.